ஜோடியை மாற்றுவதற்கு முதல்

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். பதிலையும் வொய்ஸில் போட்டால் அம்மா நடுவில் புகுந்து கலியாணக் கதைக்குக் கொண்டுபோய்விடுவாள் என்பதால் இருந்து எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுமையாக வாசி, பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் வாசிக்காதே.

நீ கேட்டது இதுதானே: கடற்கரைக் கரப்பந்தில் இப்போது உன் ஜோடியாக இருக்கிற கல்கரிப் பிள்ளையை விட்டுவிட்டு, அந்த ஆறடி இரண்டு அங்குலப் பிள்ளையோடு அடுத்த சீசன் இறங்கலாமா. அப்பாவுக்கு ஏதோ தெரியும் என்று கேட்டாயோ, கேட்க வேறு ஆளில்லாமல் கேட்டாயோ தெரியாது, எனக்கு என்னவோ சந்தோஷம்தான். ஆவரங்காலில் பந்தடி பார்த்து வளர்ந்தவனுக்கு, ஊர்க் கரப்பந்தின் இரண்டு வகையில் எது பெரிது, ஓவர் கேமா செற்றப் கேமா என்று சண்டை பிடித்தே பாதி இளமையைக் கழித்தவனுக்கு, மகள் வந்து கரப்பந்தைப் பற்றி யோசனை கேட்பதைவிட வேறென்ன வேணும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்த உயரமான பிள்ளையிடம் தரவரிசைப் புள்ளி இருக்கிறது. இந்த விளையாட்டில் புள்ளி ஆளுக்குத்தான், ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது இரண்டு பேருடைய புள்ளியையும் கூட்டித்தான் வரிசை போடுகிறார்கள். அதனால் அவளோடு சேர்ந்த நாளிலிருந்தே உலகச் சுற்றின் நடுத்தரமான சாலஞ்ச் போட்டிகளில் நீ மேலே ஏறிவிடுவாய், தகுதிச் சுற்றில் தோற்று அன்றைக்கே பெட்டி கட்டுகிற வேலை குறையும். உயரம் வேறு. உன்னை நெற்றடியில் நிற்க வைக்காமல் பின்னாலே பந்து எடுக்க விடலாம், உனக்கும் அதுதான் பிடிக்கும். இதெல்லாம் சரியான காரணங்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை.

நேரக் கணக்கும் உன் பக்கம்தான். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் என்று வாயால் சொல்லாவிட்டாலும் அது உன் மனதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒலிம்பிக் தரவரிசையில் ஒரு ஜோடி சேர்ந்து எடுத்த புள்ளிதான் எண்ணப்படும், ஒரு நாட்டுக்கு இரண்டு ஜோடிக்கு மேல் இடமில்லை. மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும், கடைசி வருடத்தில் மாற்றிவிட்டு ஓடித் திரிய முடியாது. அம்மாவின் வாக்கும் புதிய பிள்ளைக்குத்தான், காரணம் அந்தப் பிள்ளை பயிற்சி செய்வது ரொறன்ரோ டவுன்ஸ்வியூவில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம். அந்த வாக்கை மட்டும் தயவுசெய்து கணக்கில் எடுக்காதே.

ஜோடி மாற்றுவது பாவம் என்று நினைக்கிற ஆள் நானில்லை. மெலிசாவைப் பார். மெலிசா உமானா-பரேடஸ், சாரா பவான் இரண்டு பேரும் 2019இல் ஹம்பேர்க்கில் உலகச் சம்பியன்கள், கனடாவுக்கு அது முதல் தடவை. பிராண்டி வில்கர்சன் 2022இல் சோஃபி புகோவெக்கோடு சேர்ந்து ரோமில் உலகப் போட்டியில் வெள்ளி எடுத்தவள். அதே வருடம் இரண்டு ஜோடியும் பிரிந்தது. கையில் பதக்கம் இருக்கிறபோதே பிரிந்தார்கள், ஏன் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு மெலிசாவும் பிராண்டியும் சேர்ந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குழுவிலே மூன்றாவதாக வந்து, மூன்றாவதாக வந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிற 'லக்கி லூசர்' ஆட்டத்தில் தப்பி, கடைசியில் ஈபிள் கோபுரத்துக்குக் கீழே இறுதி ஆட்டம் வரைக்கும் போய் நின்றார்கள். இங்கே அப்போது பின்னேரம், நீயும் நானும் போனில் கத்திக்கொண்டே பார்த்தோமே. பிறேசில் டூடாவும் அனா பத்ரீசியாவும் முதல் செட்டை 26–24 என்று எடுத்தார்கள், இரண்டாவதை எங்களுடைய ஆட்கள் 21–12 என்று தூக்கினார்கள், மூன்றாவது 15–10 பிறேசிலுக்கு. நடுவில் நெற்றடியில் வாக்குவாதம் முற்ற, பாட்டுப் போடுகிறவன் சமாதானப் பாட்டொன்றைப் போட்டுவிட நாலு பேரும் சிரித்துவிட்டார்கள், உலகத்திலே வேறெந்த விளையாட்டில் இது நடக்கும் சொல். கடற்கரைக் கரப்பந்தில் கனேடியப் பெண்கள் எடுத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அந்த வெள்ளி. விடுபட்ட சோஃபியும் சும்மா இருக்கவில்லை, ஹீதர் பான்ஸ்லியோடு சேர்ந்து அதே பாரிஸுக்கு வந்தாள். ஆக, பிரிந்தால் இரண்டு பேரும் நாசமாகப் போவார்கள் என்று ஒரு விதியும் இல்லை.

(மெலிசாவின் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எர்னான் உமானா சிலியிலிருந்து இங்கே வந்த மனிதர். 1996 அற்லாண்டாவில், கடற்கரைக் கரப்பந்தை ஒலிம்பிக்கில் முதன்முதலில் சேர்த்தபோது வெண்கலம் எடுத்த ஜோன் சைல்டுக்கும் மார்க் ஹீஸுக்கும் பயிற்சியாளர் அவர்தான். நோர்வேயில் கரப்பந்துக்குப் பேர்போன மோல் குடும்பத்தில் அப்பாவே பயிற்சியாளர், அம்மா 1996இல் ஒலிம்பிக் விளையாடியவள். அமெரிக்காவின் பெரிய கரப்பந்து வீரன் கார்ச் கிராயின் அப்பா 1956க்குப் பிறகு ஹங்கேரியை விட்டு ஓடிவந்தவர், மகனுக்குப் பதினொரு வயதிலே தானே ஜோடியாக நின்று போட்டியில் இறக்கினாராம். உனக்கு வாய்த்தது ஆவரங்கால் அப்பன், வட்ஸ்அப்பில் யோசனை சொல்லுவான். என்ன செய்வது.)

இனி நான் சொல்ல வந்த விஷயம். போன மாதம் அந்தத் தகுதிச் சுற்று ஆட்டத்தை விடிய எழும்பியிருந்து லைவில் பார்த்தேன். ஒரே ஒரு கமெரா, உயரத்தில் வைத்தது. முதல் செட் நன்றாகவே போனது. இரண்டாவது செட் தொடங்கின கையோடு எதிர்ப்பக்கம் முடிவெடுத்துவிட்டது, இனி சேர்விஸ் எல்லாம் கல்கரிப் பிள்ளைக்குத்தான் என்று. அது அவர்களுடைய வேலை, பிழையில்லை. உள்ளரங்கில் ஒருத்திக்கு அன்றைக்குக் கை வரவில்லை என்றால் பயிற்சியாளர் வெளியே எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் மூடிவிடுவார்கள். அங்கே 81 சதுர மீற்றரை ஆறு பேர் பங்கு போடுகிறார்கள். மணலில் எட்டுக்கு எட்டு, இரண்டே பேர், ஆளுக்கு 32 சதுர மீற்றர், மாற்று ஆளும் கிடையாது. ஒளிய இடமில்லை. அவள் எடுத்தாள், நீ தூக்கிக் கொடுத்தாய், அவள் அடித்தாள், வெளியே போனது. திரும்பவும் அவளுக்கே சேர்விஸ். திரும்பவும் வெளியே, அல்லது நெற்றிலே.

அந்த நேரம் நீ என்ன செய்தாய் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புள்ளி போன பிறகும் நீ திரும்பி உன்னுடைய இடத்துக்கு நடந்தாய், சேர்விஸ் உங்கள் பக்கம் வந்தபோது நெற்றடியில் நின்று முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டினாய், நேர்க்கோட்டை மறைக்கிறேன் என்று ஒரு விரல், குறுக்கை மறைக்கிறேன் என்றால் இரண்டு. விரலெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் முகத்தை நீ காட்டவேயில்லை. அவள் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டு நின்றாள், ஒவ்வொரு தரமும் உன் பக்கம் பார்த்தாள், உன்னுடைய முதுகைத்தான் பார்த்தாள். ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறும்போதுகூட நீ முன்னாலே போனாய், அவள் பின்னாலே வந்தாள். ரைம் அவுட் ஒன்று மிச்சமிருந்தது, நீ கேட்கவில்லை. அந்த முப்பது செக்கனும் கடைசி வரைக்கும் அப்படியே கிடந்தது.

கோபத்தில் எழுதவில்லை பிள்ளை. ஆனால் நீ வொய்ஸ் மெசேஜில் "அவளுக்கு அழுத்தம் தாங்கத் தெரியாது அப்பா" என்று சொன்னாய், அது முழுக் கதையில்லை. அழுத்தம் வந்தபோது அவளுக்குப் பக்கத்தில் ஆளில்லை. இது உனக்கு ஏன் முக்கியம் என்றால், ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் ஒரு நாள் கை வராது. அன்றைக்கு அவளுக்கும் இருபது சேர்விஸ் போடுவார்கள். உன்னுடைய முதுகு அப்போதும் அதே முதுகுதான். அதனால் ஜோடியை மாற்றுகிறாயோ இல்லையோ, இதை மாற்று. நடந்து போய் ஏதாவது சொல், பகிடி சொல், ஒன்றும் வராவிட்டால் மணல் சுடுகிறது என்று சொல்.

அமெரிக்காவின் மிஸ்டி மேயும் கெரி வோல்ஷும் ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்தவர்கள், 21 ஆட்டம், ஒன்றிலும் தோற்கவில்லை, ஒரே ஒரு செட்தான் விட்டார்கள். அப்படிப்பட்டவர்களே லண்டனுக்கு முதல், தங்களுக்குள்ளே இருக்கிறதைச் சரிசெய்யவென்று சேர்ந்து விளையாட்டு உளவியலாளரிடம் போனார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு இடத்துக்குப் போக வசதி உண்டா என்று பயிற்சியாளரைக் கேள். காசு வேணுமென்றால் சொல்.

பிறகும் மாற்றத்தான் வேணும் என்று தோன்றினால் மாற்று, நான் தடுக்கமாட்டேன். ஆனால் மெசேஜில் சொல்லாதே. மனேஜரை வைத்தும் சொல்லாதே. போட்டிப் பெயர்ப்பட்டியலில் வேறு பெயரோடு உன் பெயரைப் பார்த்துத்தான் அவள் அறிந்துகொண்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், ஒரே சட்டியில் சோறு சமைக்கிறீர்கள், மேசையில் எதிரே இருந்து சொல். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கிற கடைசி நாளுக்கு முன்பே சொல், அவளும் ஆள் தேட வேணும். அந்தப் பிள்ளை போன கோடையில் இங்கே வந்தபோது கையால் புட்டுச் சாப்பிட்டுப் பழகின பிள்ளை, என்னை "அங்கிள்" என்று கூப்பிடுகிற பிள்ளை, அதையும் மறக்காதே. அம்மா கேட்டாள், "கலியாணத்துக்குக்கூட புரோக்கர் இருக்கிறான், இதுக்கு ஒருத்தரும் இல்லையோ?" என்று. இல்லை. நீயேதான் பேச வேணும்.

காசு விஷயம் சுருக்கமாக. கம்பஸ் முடித்தவர்களுக்கு அமெரிக்காவில் தருகிற அந்த ஒரு வருட வேலை அனுமதி முடிகிறது, காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கி எடுக்கிற காசும் அதோடு நின்றுவிடும். கீழ்மட்டத்து ஃபியூச்சர்ஸ் போட்டியில் வென்றாலும் விமான ரிக்கெற் காசு வராது என்று நீயே சொன்னாய். ஸ்பொன்சரை நம்பி வாழ்க்கை போட முடியாது, 2010இல் அமெரிக்காவின் பெரிய கடற்கரைக் கரப்பந்துச் சுற்றான ஏவிபியே சீசன் நடுவில் காசில்லாமல் நின்றுபோனது, அதில் பெரிய பெரிய ஆட்களே தெருவில் நின்றார்கள். அடுத்த வருட முடிவு வரைக்கும் மாசா மாசம் நாங்கள் அனுப்புவோம், அம்மாவும் ஒத்துக்கொண்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருந்து கதைப்போம். வயது போகிறது என்று நீ பயப்படவேண்டாம், கார்ச் கிராய் மணலில் தங்கம் எடுக்கும்போது 35, கெரி ரியோவில் வெண்கலம் எடுக்கும்போது 38, மூன்று பிள்ளைக்குத் தாய். அம்மாவிடம் இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னேன், அதைப் பிடித்துக்கொண்டு அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். சொல்லியிருக்கக்கூடாது.

தோள்பட்டை ஸ்கான் எடுத்தாயா? எடுக்காமல் "பரவாயில்லை" என்று சொல்லாதே. கெரிக்குத் தோளில் எத்தனை சத்திரசிகிச்சை என்று உனக்கே தெரியும். ரிப்போட்டை எனக்கு அனுப்பு, இங்கே எங்களுடைய டொக்டரிடம் காட்டுகிறேன்.

ஊரில் பெரியப்பாவுக்கு நீ விளையாடுகிற படம் காட்டினார்களாம். கரப்பந்து இலங்கையின் தேசிய விளையாட்டு, எங்கள் பிள்ளை கனடாவுக்கு விளையாடுகிறாள் என்று ஒருபக்கம் கவலை, ஒருபக்கம் பெருமை. அதைவிட அவருக்கு விளங்காதது, விரல் நுனியால் மெல்லத் தட்டிப் போட்டால் ஏன் பிழை என்கிறார்கள் என்பது. அவருடைய ஆட்டமே அதுதானே. விரலை மடக்கி முட்டியால் தட்ட வேணும் என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப அது என்ன பந்தடி" என்று போனை வைத்துவிட்டார்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்துக் கட்டி வைத்திருக்கிறாள், பருத்தித்துறை வடையும் கொஞ்சம். கலிஃபோர்னியாவுக்கு, உன் ஹெர்மோசா பீச் வீட்டுக்கு அனுப்பவா, நீ இங்கே வருகிறாய் என்று வைத்திருக்கவா? கல்கரிப் பிள்ளையோடு கதைத்த பிறகு சொல், அதுவரைக்கும் பார்சலை அனுப்பமாட்டேன்.

அன்புடன்
அப்பா