மூணு பக்கம் சண்டை, அம்மாவுக்கு ஒரே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்கில் தினத்துக்கு, அந்தப் போர்ல உயிர விட்ட மேஜர் சரவணன் பத்தி நீங்க போட்ட கட்டுரைய எங்க வீட்ல எல்லாரும் படிச்சோம், நல்லாத்தான் இருந்துச்சு. படாலிக் பக்கம் ஜுபர் மலை, 1999 மே 29, விடியறதுக்கு முன்னாடி பீகார் ரெஜிமெண்ட் ஆளுங்கள கூட்டிக்கிட்டு ஏறுனது, ராக்கெட் லாஞ்சர் வச்சு பங்கர உடைச்சது, வயித்துல குண்டு பட்டும் பின்வாங்க மாட்டேன்னு நின்னது, எல்லாத்தையும் விலாவாரியா எழுதியிருந்தீங்க. மூணு பக்கம். அதுல அவர பெத்த அம்மாவுக்கு ஒரே ஒரு வரி, "வீரத்தாய்"னு. அதோட முடிஞ்சுது. அதான் உறுத்துச்சு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் திருச்சிக்காரி. மே கடைசில இறந்தவரோட உடல் ஜூலை வரைக்கும் வரல சார். அந்த இடம் எதிரி கைல இருந்துச்சு, எடுக்கப் போனா இன்னும் நாலு உயிர் போகும், அதனால ஒரு மாசத்துக்கு மேல பனியிலயே கிடந்தாரு. புள்ள இல்லன்னு தகவல் வந்தாச்சு, ஆனா முகத்த பாக்க முடியல, காரியம் பண்ண முடியல, ஒருவேளை ஆள் மாத்தி சொல்லிட்டாங்களோன்னு ஒரு தாய் மனசு அடிச்சுக்காதா, போன் மணி அடிச்சா ஓடாதா? உடல் வந்த அன்னைக்கு ஊரே திரண்டுச்சு, அதையும் எழுதியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி இருந்த அந்த நாளெல்லாம்தான் எனக்கு சண்டைய விட பெருசா தெரியுது. 26 வயசு அவருக்கு, ஆகஸ்ட் வந்திருந்தா 27. கல்யாணம் ஆகல.

முந்தின யுத்தத்துலல்லாம் பெரும்பாலும் எல்லையிலயே எரிச்சிடுவாங்க, வீட்டுக்கு தந்திதான் வரும். கார்கில்லதான் பெட்டிய சொந்த ஊருக்கே அனுப்புறது வழக்கமாச்சு, 527 பேர் அந்த சண்டைல போனாங்க. பெட்டி வரும்போது மந்திரி வர்றாரு, டிவி வருது, அடுத்த வாரம் தெரு காலி.

பணத்தப் பத்தி பேசுனா சிலருக்கு கோவம் வரும், இருந்தாலும் பேசியாகணும். சண்டைல இறந்தவருக்கு மனைவி இருந்தா அவர் கடைசியா வாங்குன சம்பளம் முழுசும் பென்ஷனா வரும், லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன்னு சொல்றது அதத்தான். கல்யாணம் ஆகாத பையன்னா பெத்தவங்க ரெண்டு பேரும் இருந்தா அதுல 75 சதவீதம், ஒருத்தர் மட்டும்னா 60. ஒத்தையா இருக்குற தாய்க்கு மருந்துக்கடைல 60 சதவீத விலைக்கா மாத்திரை குடுக்குறாங்க?

கல்யாணம் ஆயிருந்தா வேற சிக்கல். சியாச்சின்ல 2023 ஜூலைல தீப்பிடிச்சப்போ கூட இருந்தவங்கள காப்பாத்தி உயிர விட்டாரே கேப்டன் அன்ஷுமான் சிங், உ.பி. பையன், ஆர்மி டாக்டர், கல்யாணமாகி அஞ்சே மாசம். அடுத்த வருஷம் ஜனாதிபதி கையால அவரோட கீர்த்தி சக்ரா வீரதீர விருத மாமியாரும் மருமகளும் சேர்ந்துதான் வாங்குனாங்க, அத டிவில பாத்து அழாதவங்க இல்ல. கொஞ்ச நாள்ல அவர் அப்பா அம்மா, நெருங்கிய உறவுன்னா மனைவி மட்டும்தானா, எங்களுக்கும் பங்கு இருக்குற மாதிரி விதிய மாத்துங்கன்னு கேட்டாங்க. கேட்டதுல தப்பே இல்ல. ஆனா நம்ம ஜனம் என்ன பண்ணுச்சு? அந்தப் பொண்ண கண்டபடி ஏசுச்சு, அதுக்கு முன்னாடியே ஒருத்தன் அவ போட்டோவுக்கு கீழ அசிங்கமா எழுதப்போய் தேசிய மகளிர் ஆணையம் டெல்லி போலீஸ்ல புகார் குடுக்க வேண்டியதா போச்சு. விதிய போட்டது அரசாங்கம், திட்டு வாங்குனது அவ.

இதுல இன்னொரு கூத்து, வீரதீர விருது வாங்குனவரோட மனைவி மறுபடி கல்யாணம் பண்ணா அந்த விருதுக்கான மாசப் பணம் நின்னுடும், புருஷனோட அண்ணன் தம்பிய கட்டிக்கிட்டா மட்டும் தொடரும்னு ஒரு விதி 2017 வரைக்கும் இருந்துச்சு! யார் வீட்டு நியாயம் சார் இது? நல்லவேளை எடுத்துட்டாங்க.

அதனால ஒரு கோரிக்கை. டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள் வருதுல்ல, ஸ்கூல்ல குட்டிக் கொடி குடுத்து உண்டியல் நீட்டுவாங்களே அதேதான், அந்த இதழ்லயாவது இந்தக் குடும்பங்கள் இப்ப எப்படி இருக்குன்னு போய் பாத்து எழுதுங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் என்னென்ன கேக்கலாம், எந்தப் பேப்பர் வேணும்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டா கூட போதும், கிராமத்துல இருக்குறவங்களுக்கு அப்படி ஒரு ஆபீஸ் இருக்குறதே தெரியாது.

அப்புறம் ஒரு திருத்தம். கட்டுரைல ஒரு இடத்துல வீர் சக்ரான்னும் இன்னொரு இடத்துல மகாவீர் சக்ரான்னும் வந்திருக்கு. மேஜர் சரவணனுக்கு குடுத்தது வீர் சக்ரா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி