காக்கைக்கு உன் வீட்டுக்காரர் முகம் தெரியும்

தென்காசி
மே 18

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. மாடியில் துணி உலர்த்த நீ போனால் ஒன்றும் செய்யாத காக்கை, உன் வீட்டுக்காரர் தலையைக் கண்டால் மட்டும் பின்னாலிருந்து பாய்ந்து தட்டிவிட்டுப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் சனி தோஷம் என்கிறாராம், திருநள்ளாறு போய் எள் தீபம் போட்டே தீரவேண்டும் என்கிறாராம். போய்விட்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதே கடிதத்தில் வேறொரு பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய், மாடிமேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையைச் சித்திரை பிறந்ததும் அவரே அரிவாளோடு ஏறி வெட்டினார் என்று. நம் பக்கத்துக் காக்கைகள் கூடு கட்டுகிற காலம் அதுதானடி. வெட்டிய கிளையிலோ அடுத்த கிளையிலோ கூடு இருந்திருக்கும். அவர் ஜாதகத்தில் தேட வேண்டியதில்லை, அரிவாளைக் கேட்டால் சொல்லும்.

அவர் முகம் அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். தெரியும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்று ஒரு பேராசிரியர். 2006இல் அவரும் மாணவர்களும் குகை மனிதன் மாதிரி ஒரு ரப்பர் முகமூடி போட்டுக்கொண்டு வளாகத்தில் 7 காக்கைகளை வலையில் பிடித்தார்கள். காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும், ஆணோ பெண்ணோ, குட்டையோ நெட்டையோ, காக்கைகள் தலைக்குமேல் கூடிக் கத்தித் தீர்த்தன. முகமூடியைத் தலைகீழாக மாட்டினாலும் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார்கள், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனியின் முகம். அதைப் போட்டு நடந்தால் காக்கைகள் அவ்வளவாகச் சீண்டவில்லை. ஊர் உலகம் அவரைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் காக்கைகளிடம் மட்டும் அவருக்கு நல்ல பெயர்!

பிடிபட்டது 7 பறவைதான். கத்துகிற கூட்டமோ வருஷத்துக்கு வருஷம் பெருகியது. வலையைக் கண்ணால் பார்க்காததுகள், அப்போது பிறந்தே இராததுகள்கூடச் சேர்ந்துகொண்டன. தாய் தகப்பன் கத்துவதைப் பார்த்துக் குஞ்சுகள் கற்றுக்கொள்கின்றன. 2013 வாக்கில் எதிர்ப்பட்ட காக்கைகளில் பாதிக்குப் பாதி அந்த முகத்தைக் கண்டு கத்தினவாம். பிறகு மெல்லக் குறைந்து, 2023இல்தான் ஒன்றுமே கத்தாமல் விட்டது. கணக்குப் போட்டுப் பார், 17 வருஷம். அது முடிய உன் வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து ஆகிவிடும்.

பயப்படாதே, தலையில் தட்டுவது அத்தனை வருஷம் இருக்காது. முட்டை பொரிய 16, 17 நாள், அதற்குமேல் குஞ்சு பறக்க மூன்று நான்கு வாரம். அதுவரை குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போகச் சொல். இன்னொன்றும் செய்யலாம். தினம் காலையில் நீ வைக்கிற சாதத்தை இனி அவர் கையால் வைக்கச் சொல். மார்ஸ்லஃப் கூட்டத்தார் 2012இல் காக்கையின் மூளையை ஸ்கேன் எடுத்தே பார்த்துவிட்டார்கள். பிடித்து அடைத்தவர் முகத்தைக் கண்டால் ஒரு பகுதி வேலை செய்கிறது, தீனி போட்டவர் முகத்துக்கு வேறு பகுதி. நாம் அமாவாசைக்கு அமாவாசை முன்னோர் என்று கூப்பிட்டுச் சோறு வைக்கிறோம். முன்னோர் நம்மை அடையாளம் தெரிந்து வைத்திருந்தால் மட்டும் ஆச்சரியப்படுகிறோம்.

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. படிப்பதும், வாசல் திண்ணையில் உட்கார்ந்து அதுகளைப் பார்ப்பதும். முட்டி வலிக்கு வைத்தியர் நடக்கச் சொல்கிறார், நான் உட்கார்ந்து காக்கை பார்க்கிறேன் என்று மருமகள் உன்னிடம் போனில் கோள் சொன்னாளாமே!

எதிர்வீட்டுக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவே ஒரு பழைய கேபிள் வயர் தொய்ந்து கிடக்கிறது. போன வாரம் மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லை என்று எழுத வந்தேன், காக்கை இருந்தது. வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பு இன்னும் மாறாத இளங்காக்கை. வயரில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்தது. சாய்ந்தபடியே தலைகீழாகப் போய்த் தொங்கியது. இறக்கையை விரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஒரு காலை விட்டது. ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டே தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தது. பிறகு அந்தக் காலையும் விட்டு, கீழே விழுகிற மாதிரி விழுந்து, பாதியில் இறக்கை அடித்து மேலே போய் அதே இடத்தில் உட்கார்ந்தது. திரும்ப முதலிலிருந்து. பக்கத்தில் இருந்த இன்னொன்று இதைப் பார்த்துவிட்டு நகர்ந்து நகர்ந்து வந்து, தொங்குகிறதன் கால் விரலை மெல்லக் கொத்தியது. பிடி விட்டுவிட்டது! இரண்டும் கத்திக்கொண்டு பறந்தன. அங்கே தீனி கிடையாது, எதிரி கிடையாது, கூடும் கிடையாது.

காக்கைக்கு அறிவு உண்டு என்று காட்ட எல்லாரும் சொல்வது, பானையில் கல் போட்ட கதை. அதையும் 2009இல் கேம்பிரிட்ஜில் சோதித்தார்கள். ரூக் என்கிற ஐரோப்பியக் காக்கை இனம். கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் புழு மிதக்கிறது, அலகுக்கு எட்டவில்லை. கல்லைப் போட்டு நீர்மட்டத்தை ஏற்றி எடுத்துத் தின்றுவிட்டது. சின்னக் கல்லைவிடப் பெரிய கல் நல்லது என்றும் கண்டுகொண்டது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஒரு காக்கை இனம் தாழை இலையைக் கிழித்துக் கருவி செய்து, மரப்பொந்தில் இருக்கிற புழுவை இழுக்கிறது. எல்லாம் பெரிய வித்தைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் வயிற்றுக்காகச் செய்வது. வயிறு நிறைந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு ருசி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரேவன் என்று ஒரு பெருங்காக்கை உண்டு, நம் அண்டங்காக்கையைவிடப் பெரிசு. பனி மூடிய சரிவில் மல்லாந்து படுத்துச் சறுக்கிக்கொண்டு போகும், கீழே போனதும் மேலே ஏறி வந்து மறுபடி சறுக்கும். தூங்குகிற ஓநாயின் வாலை இழுத்துவிட்டுத் துள்ளி விலகும். ரஷ்யாவில் ஒரு காக்கை ஏதோ ஒரு மூடியைக் காலடியில் வைத்துக்கொண்டு வீட்டுக் கூரைப் பனியில் சறுக்கிய வீடியோவை உன் பேரனிடம் கேள், எடுத்துத் தருவான்.

இந்த விளையாட்டு வெறும் விளையாட்டுதானா என்று கேட்டால், அங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆஸ்திரியாவில் தாமஸ் புக்ன்யார் என்பவரும் கூட்டாளிகளும் ரேவன் குஞ்சுகளை வளர்த்தார்கள். அதுகள் தீனியைப் புதைத்து வைக்கிற ஜாதி. சின்ன வயசில் தின்ன முடியாத சாமான்களையும் விளையாட்டுக்கு ஒளித்து வைக்கும். ஒரு ஆள் வந்து அவற்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். இன்னொரு ஆள் பக்கத்தில் போய்ப் பார்ப்பார், எடுக்கமாட்டார். இப்படியே கொஞ்ச நாள். பிறகு நிஜத் தீனியைக் கொடுத்தார்கள். எடுத்த ஆள் நிற்கும்போது உடனே ஒளிக்காமல் நேரம் கடத்தி, அவர் கண்ணுக்கு மறைவான இடமாகப் பார்த்துப் புதைத்தன. எடுக்காதவரைப் பற்றிக் கவலையே இல்லை. ஒன்றுக்கும் உதவாத சாமானை வைத்து, யார் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டுவிட்டன. நம் வீட்டுப் பெண்களுக்கு வரன் பார்த்தபோது இதைப் படித்திருக்கலாம்.

அதைவிட ஒன்று, கலிபோர்னியாவில் ஸ்க்ரப் ஜே என்று ஒரு நீலப் பறவை, காக்கைக்குப் பங்காளி. நிக்கோலா கிளேட்டன் என்ற விஞ்ஞானி டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, மாணவர்களின் மிச்சம் மீதியை இந்தப் பறவைகள் பொறுக்கிக்கொண்டு போய்ப் புதைப்பதையும், திரும்ப வந்து இடம் மாற்றுவதையும் மத்தியான இடைவேளையில் கவனித்தார். புதைக்கும்போது இன்னொரு பறவை பார்த்துவிட்டால், அது போன பிறகு எடுத்து வேறு இடத்தில் வைக்கின்றன. எல்லாமும் அப்படிச் செய்யவில்லை. 2001இல் அவரும் நேதன் எமரியும் வெளியிட்டார்கள்: முன்னால் தானே ஒரு முறை இன்னொன்றின் தீனியைத் திருடிய பறவைதான் இடம் மாற்றுகிறது, திருடிப் பழகாதது மாற்றவில்லை. தான் திருடி பிறரை நம்பாள் என்று நம் ஆச்சி சொல்வாளே, அது ஆராய்ச்சிக்கூடத்தில் நிரூபணமானது. காக்கையைப் பகிர்ந்துண்ணும் பறவை என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். கூவி அழைப்பதும் உண்டுதான். கூவாமல் ஒளிப்பதும், ஒளித்ததை எடுப்பதும், எடுப்பான் என்று சந்தேகப்படுவதும் உண்டு. பகிர்கிற காக்கை மேல் எனக்கு மரியாதை. சந்தேகப்படுகிற காக்கையைத்தான் சொந்தக்காரி என்று நம்புகிறேன்.

இத்தனை சாமர்த்தியமும் எல்லாருக்கும் இனிக்கவில்லை. நம் ஊர்ச் சாம்பல் கழுத்துக் காக்கையைக் குப்பை தின்னட்டும் என்று 1890களில் சான்சிபாருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெல்லாம் பரவி, மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது. 2024இல் கென்யாக்காரர்கள் 10 லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக அறிவித்தார்கள். அதற்கு மெல்ல வேலை செய்கிற விஷம்தான் வேண்டும். தின்ற இடத்திலேயே ஒன்று செத்து விழுந்தால் மற்றது அந்தப் பக்கம் தலைவைக்காது. மொம்பாசா போன நம் அகிலாவின் தம்பி, இந்தியக் காக்கை என்று அங்கே திட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டான். திட்டத்தான் செய்வார்கள், கொண்டுபோய் விட்டவர்களையும் சேர்த்துத் திட்டினால் சரி.

போகட்டும், நம் சேதிக்கு வருகிறேன். சின்னவளுக்கு ஆவணியில் நிச்சயம் வைத்திருக்கிறோம், பத்திரிகை தனியாக வரும். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறேன், முன்னைக்குப் பரவாயில்லை. ஆனி பிறந்து சாரல் பிடித்ததும் நீ வந்துவிடு, அவரையும் கூட்டி வா. இங்கே அவர் யார் கிளையையும் வெட்டவில்லை, தைரியமாக வெளியே நடக்கலாம். மலைக்காட்டில் வெள்ளை வயிற்று வால்காக்கை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீண்ட வாலை வைத்துக்கொண்டு, துடுப்புவால் கரிச்சான் போகிற இடமெல்லாம் சேர்ந்து போகும். கரிச்சானை முதலில் கண்டுபிடித்தால் போதும். ஆனால் அருவிக்கு மேலே நடக்க வேண்டும், பழைய செருப்போடு வராதே.

ஹாஸ்டலில் நம்மோடு இருந்த சரோஜாவின் புது விலாசம் உன்னிடம் இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. பத்திரிகை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
செல்வி