பின்முற்றத்தில் செயற்கைப் புல்தரை: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். எமது வெள்ளவத்தை சிறுவர் பராமரிப்பு நிலையத்தின் பின்முற்றத்தில், பிள்ளைகள் கோல்ஃப் பாணியில் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்தி விளையாடுவதற்கான சிறிய செயற்கைப் புல்தரை அமைக்கும் வேலை சனிக்கிழமை தொடங்கும். தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும் என்பதால், மண்ணை அகழ்ந்து, சல்லியும் கல்தூளும் பரப்பி இறுக்கி, வடிகாலை நோக்கிச் சற்றே சரிவு விட்ட பின்னரே புல் விரிக்கப்படும். புல்லின் பளபளப்பைவிட இந்த அடித்தளமே முக்கியம். கோல்ஃப் பந்தின் விட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால், சின்னஞ்சிறுவர் வாயில் வைத்தால் தொண்டையை அடைக்கக்கூடும். ஆகவே, 108 மில்லிமீற்றர் அகலக் குழிக்குள் தாராளமாக விழக்கூடிய டெனிஸ் பந்துகளையே பயன்படுத்துவோம். செயற்கைப் புல் நண்பகல் வெயிலில் கால் சுடுமளவுக்குச் சூடேறும். எனவே, காலையிலும் மாலையிலும் மட்டுமே விளையாட்டு. ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இக்குழுவிலேயே அறியத்தரவும்.