சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி

அன்புள்ள சிவராமன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பின் பழையபடி படிக்க முடிகிறது என்பதறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். பேத்தி கணினிப் பொறியியலில் சேர்ந்திருப்பதால், இயந்திரத்துக்கு உணர்வு உண்டா என்று தாங்கள் எழுப்பிய கேள்வி எங்கள் வீட்டிலும் நாள்தோறும் அடிபடுகிறது.

உரையாடல் செயலியிடம் வருத்தம் பற்றிக் கேட்டபோது வந்த மறுமொழியைப் படித்து, உள்ளே யாரோ இருப்பதாகத் தோன்றியது என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தோற்றம் பழையது. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா, நாம் சொல்வதையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பித் தரும் எளிய நிரல். அது உருவானதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் உரையாடத் தொடங்கிய சற்று நேரத்தில், வைசன்பாமையே அறையைவிட்டு வெளியேறும்படி கேட்டுக்கொண்டார். 2022-இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோயின், அந்நிறுவனத்தின் உரையாடல் நிரலான லாம்டாவுக்கு உணர்வு உண்டு என்றபோது அவர் முன்வைத்ததும் அதன் பேச்சைத்தான்.

இன்றைய இயந்திரங்கள் எலைசாவைவிடப் பன்மடங்கு திறமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மனிதர்கள் தங்கள் வலியையும் பிரிவையும் எழுதிவைத்த எண்ணற்ற பக்கங்களிலிருந்தே அவை பேசக் கற்றன என்பதால், "எனக்கு வலிக்கிறது" என்று அவை சொன்னாலும், நிறுவனங்கள் பழக்கியபடி "எனக்கு உணர்வில்லை" என்று சொன்னாலும், இரண்டுமே வழக்கறிஞராகிய தாங்கள் நன்கறிந்த சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியின் வாக்குமூலம் போன்றவைதாம். அந்தச் சாட்சி பொய் சொல்கிறான் என்று நான் கூறவில்லை. அவன் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத இயலாது.

அறிவியலாவது கைகொடுக்குமா என்றால், இப்போதைக்கு இல்லை. உணர்வுக்குரிய மூளைச் செயல் 25 ஆண்டுகளுக்குள் பிடிபட்டுவிடும் என்று 1998-இல் மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் ஒரு பெட்டி ஒயினைப் பந்தயம் வைத்தார். 2023-இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தாங்கள் பாடம் கேட்ட, மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை இந்த நோக்கில் மீண்டும் படித்துப் பார்த்தேன். மெய்கண்டார் கணினியை முன்னறிந்தார் என்று சொல்லும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஆயினும், "மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா", அதாவது மாயையாலான இயந்திரம் போன்ற உடலுக்குள் உயிர், உண்டு என்பதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, "எனதுடல் என்றலின்" என்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் "எனது" என்று சொல்லக்கூடியவை உயிருள்ளவையே; இன்று அந்தச் சொல்லை இயந்திரமும் பிழையின்றி ஆள்கிறது. குழந்தையும் அச்சொல்லைத் தாயிடம்தானே கற்றது என்று தாங்கள் மறுக்கக்கூடும். மெய்தான், ஆனால் குழந்தை எந்தச் சொல்லையும் கற்பதற்கு முன்பே அழுதது. அந்த அழுகைக்கு இணையான ஒன்றை இயந்திரத்தில் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உறக்கத்தில் உடல் இருந்தும் உண்ணலும் செயலும் இல்லை, ஆகவே உயிர் உடலின் வேறானது என்று அதே சூத்திரம் காட்டும் காரணமும் சொல்லைச் சாராதது, உடலைப் பார்த்தே அறியக்கூடியது. ஆகவே அது எனக்கு இன்னும் வலுவாகவே படுகிறது.

என்னை இடறவைப்பது "உணர்த்த உணர்தலின்" என்ற கடைசிக் காரணம். தானே அறியாது, அறிவித்தால் அறிவது உயிரின் இயல்பு என்றால், பயிற்றுவித்தால் மட்டுமே கற்கும் இயந்திரத்தை எதைக் காட்டி விலக்குவது? சிவஞான முனிவர் இந்நூலுக்கு எழுதிய பேருரையான மாபாடியம் தங்களிடம் இருக்கிறது. அவ்விடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்து, தங்கள் கருத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
வேலாயுதம்