பல்பை மாற்றுவதற்கு முன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை நெருங்கும்போது, "லைட் பத்தலண்ணே, பவர் கூடுன பல்பா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டு, ஹெட்லைட் மங்கிய பைக்கோடு நிறையப் பேர் வருகிறீர்கள். நாங்கள் உடனே பல்பை எடுத்துக் கொடுப்பதில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு மீட்டரை எடுக்கிறோம். பத்து நிமிடம் காத்திருக்க வைக்கிறார்களே என்று சிலருக்கு வருத்தம். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பார்க்கிறோம், ஏன் பார்க்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

லைட் மங்கினால் பெரும்பாலும் குற்றம் பல்பின் மேல் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பிய வோல்ட் பல்புக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே தேய்ந்துபோகிறது. ஹாலஜன் பல்பு இந்த விஷயத்தில் ரொம்ப உணர்ச்சியுள்ளது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். புல்லட் போன்ற வண்டிகளில் வரும் எச்4 ரக 60/55 வாட் பல்பை (பிரைட்டில் 60, டிம்மில் 55) எடுத்துக்கொள்ளுங்கள். 13.2 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் டிம்மில் சுமார் 1000 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும். அதே பல்புக்கு 11 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது என்றால் 550 லூமென்கூடத் தேறாது. பல்பு புதிதுதான், ஆனால் வெளிச்சம் பாதி. இந்த நிலையில் இன்னொரு புதுப் பல்பு போட்டாலும் அதே கதிதான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடித்து, முழுதாக நிற்பதற்குக் காய்ந்த ரோட்டிலேயே 40 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டிப் பக்கமோ, மேலூரைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரை ரோடுகளிலோ தெருவிளக்கு இருக்காது. அறுப்புக் காலத்தில் ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் அடுக்கியிருப்பார்கள். தலையளவு கருங்கல், ரோட்டின் நிறத்திலேயே இருக்கும். மங்கிய டிம் வெளிச்சத்தில் அது தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் மிஞ்சாது.

இனி அளக்கும் முறை. டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். எஞ்சின் ஓடாமல், லைட் எரியாமல் பேட்டரி முனையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். எஞ்சினை ஓட்டி, ஆக்ஸிலேட்டரை 3000 முதல் 4000 ஆர்பிஎம் வரை பிடித்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 13க்குக் கீழே இருந்தால் மேக்னட் காயில் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தருவது), ஆர்ஆர் யூனிட் (அந்தக் கரண்டை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), பேட்டரி மூன்றில் ஒன்று பழுது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், லைட் பேச்சு அதற்குப் பிறகுதான். 15 தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். மாதத்துக்கு ஒரு பல்பு ஃபியூஸ் போகிற வண்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அடுத்து டூமை (ஹெட்லைட் கூட்டை) திறந்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் டிம் பின்னிலும் எர்த் பின்னிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் பிரயோஜனமில்லை. கரண்ட் ஓடாதபோது கெட்டுப்போன ஒயரும் 13 வோல்ட்டை நன்றாகவே காட்டும். பேட்டரியில் பார்த்ததற்கும் இங்கே பார்ப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். ஒரு வோல்ட் தாண்டினால் கட்டாயம் வேலை இருக்கிறது.

வித்தியாசம் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதும் எளிது. மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சேசிஸில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் எமரித்தாளால் சுரண்டி, லக்கை (ஒயர் நுனியிலுள்ள உலோக வளையத்தை) சுத்தப்படுத்தி இறுக்கினாலே பல வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும். செலவு எமரித்தாளுக்கு மட்டும்தான்.

பாசிட்டிவ் பக்கம் என்றால் முதலில் ஹோல்டரைக் கையிலெடுத்துப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு மூலையில் மட்டும் உருகி வளைந்திருக்கும். அந்த மூலையிலுள்ள பித்தளை கிளிப் நீலம் பாய்ந்து, வில்தன்மை போய், பின்னைக் கவ்வாமல் தளர்ந்திருக்கும். 0.2 ஓம் தடை அங்கே உண்டானால் போதும், எச்4 பல்பின் நாலரை ஆம்பியரில் 0.9 வோல்ட் அங்கேயே நின்றுவிடும். பயறளவு இடத்தில் 4 வாட் சூடு. சூட்டால் கிளிப் இன்னும் தளரும், தளரத் தளரச் சூடு ஏறும். இடுக்கியால் நெருக்கிவிட்டால் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். பீங்கான் ஹோல்டர் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள்.

ஹோல்டர் நன்றாக இருந்தால் கைப்பிடியிலுள்ள டிம்-பிரைட் சுவிட்ச். மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பில் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை மாற்றி மாற்றி அழுத்தினால் பெரும்பாலும் தெளியும். அதற்கும் அடுத்த இடம் வண்டியின் கழுத்து. ஹேண்டில் திரும்பித் திரும்பி, மேலே உறை முழுசாக இருக்க உள்ளே செப்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். லைட்டை எரியவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். எங்கேயாவது ஒரு கோணத்தில் லைட் சிமிட்டினால் பழுது அங்கேதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஹெட்லைட் டிசியில், அதாவது பேட்டரி கரண்டில், ஓடும் வண்டிகளுக்கு. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் நேராக மேக்னட் காயிலிலிருந்து ஏசியில் எரியும். ஐடிலிங்கில் மங்கி, முறுக்கினால் பிரகாசிக்கும். அது அந்த வண்டியின் அமைப்பு, பழுது இல்லை. அவற்றை மீட்டரின் ஏசி வரிசையில் அளக்க வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் அந்த வெட்டுப்பட்ட அலையைச் சரியாகக் காட்டாது என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஹோல்டர், எர்த், சுவிட்ச் மூன்றையும் சுத்தப்படுத்திவிட்டு, 35/35 வாட் எச்எஸ்1 பல்பு (எச்4 போன்ற, வாட் குறைந்த ரகம்) புதிதாகப் போட்டாலே இவற்றில் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். ரிலே செட்டை (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இந்த ஏசி ஒயரில் மாட்டினால் ரிலே நிற்காமல் கடகடக்கும். ஹெட்லைட்டைப் பேட்டரிக்கு மாற்றலாம் என்றால், இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது 2.5 ஆம்பியர்-மணி பேட்டரி. 35 வாட் பல்பு இழுப்பது 3 ஆம்பியருக்குப் பக்கம். சார்ஜிங்கை ஃபுல்வேவாக (ஏசி அலையின் இரண்டு பாதியும் பேட்டரிக்குப் பயன்படும்படி) மாற்றி, ஆர்ஆர் யூனிட்டையும் பேட்டரியையும் மாற்றாமல் இதைச் செய்தால் வழியிலேயே பேட்டரி காலியாகும்.

டிசி வண்டிக்கு நாங்கள் மனதாரச் சொல்லும் முன்னேற்றம் ரிலே ஒயரிங்தான். கம்பெனி ஒயரில் கரண்ட் சாவி சுவிட்ச், கைப்பிடி சுவிட்ச், நாலைந்து கப்ளர் (ஒயர் இணைப்பு) எல்லாம் சுற்றி வருகிறது. ரிலே போட்டால் சுவிட்ச் வழியே ரிலேயை இழுக்கும் சிறு கரண்ட் மட்டும் போகும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராக வரும். தேவையான சாமான்: 12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு பின் ரிலே இரண்டு, 15 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கு மூடியுள்ள ஹோல்டரும், பேட்டரியிலிருந்து ரிலே வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், ரிலேயிலிருந்து பல்புக்கு 1.5, ஒரு பீங்கான் ஹோல்டர், லக்குகள், ஸ்லீவ்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸைத் தள்ளி ஹெட்லைட் பக்கம் வைத்தால், டேங்குக்கு அடியில் ஒயர் உரசி ஷார்ட்டானால் காப்பாற்ற எதுவும் இருக்காது. இனி வரும் எண்கள் ரிலேயின் பின்களுக்குரியவை. அந்த ஒயர் இரண்டு ரிலேயின் 30 பின்னுக்கும் போகும். பழைய ஹோல்டருக்கு வந்த டிம் ஒயர் ஒரு ரிலேயின் 86க்கு, பிரைட் ஒயர் மற்றதன் 86க்கு. இரண்டின் 85ம் எர்த்துக்கு. 87லிருந்து புது ஹோல்டரின் டிம், பிரைட் பின்களுக்கு. ஹோல்டரின் எர்த்துக்குத் தனியாக 2.5 ஒயர் இழுத்து பேட்டரி நெகட்டிவிலேயே கட்டுங்கள்; பலர் இதை விட்டுவிட்டு, ரிலே போட்டும் வித்தியாசமில்லை என்கிறார்கள். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தங்காது. கழுத்தில் ஒயரை இறுக்கிக் கட்டாமல், ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும் அளவுக்குத் தொய்வு விடுங்கள். லக்கை நசுக்கும் கருவியால் நசுக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பழைய ஒயரை எங்கும் வெட்டாமல் இதைச் செய்யலாம், வேண்டாமென்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

100/90 வாட் பல்பு கேட்பவர்களுக்கு: அது பிரைட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஒயர் அதற்கானது இல்லை, ரிஃப்ளெக்டரின் பூச்சும் அந்தச் சூட்டுக்கானது இல்லை, பேட்டரியும் சார்ஜ் ஏறாமல் இளைக்கும். நாங்கள் மாட்டுவதில்லை. நீலம் பூசிய பல்புகளும் வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை வடிகட்டித்தான் நீலத்தைத் தருகிறது. எச்எஸ்1 இருந்த இடத்தில் எச்4 பல்பைக் காதைத் தேய்த்து நுழைப்பதும் கூடாது. பல்பைப் பொருத்தும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் சூடேறி அங்கிருந்தே கெடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

எல்இடி பற்றித்தான் கேள்வி அதிகம். ஹாலஜன் டூமின் ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் (பல்புக்குள் எரியும் கம்பி) எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அதை வைத்தே வளைக்கப்பட்டது. எச்4 பல்புக்குள் டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். மேல்நோக்கிச் சிதற வேண்டிய வெளிச்சத்தை மறைத்து எதிரே வருபவர் கண்ணைக் காப்பது அதுதான். எல்இடி பல்பின் சிப் அந்தப் புள்ளியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே வெளிச்சம் கலைந்துவிடும். ஓட்டுபவருக்கு முன்சக்கரத்தருகே பளீரென்று இருக்கும், தூரத்தில் இருட்டு, எதிரே வருபவருக்குக் கண் கூசும். நத்தம் ரோட்டில் எதிரே வரும் ஒரு வண்டியால் இரண்டு விநாடி கண் இருண்டு போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106வது விதியும் இதைத்தான் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது.

எல்இடிதான் வேண்டும் என்றால் பல்பை மட்டும் மாற்றாமல், எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு டூமாக வாங்குங்கள். புல்லட்டுக்கு 7 அங்குல வட்டத்தில் கிடைக்கிறது. வாங்கும்போது அது நம் ஊர் இடப்பக்கப் போக்குவரத்துக்கானதா என்று பாருங்கள். ஐரோப்பிய முத்திரையுள்ள, இடப்பக்கம் ஏறும் வெளிச்சக்கோடு (டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு) கொண்ட டூமில், முன்னால் நின்று பார்த்தால் உங்கள் வலக்கைப் பக்கம் காட்டும் அம்புக்குறி இருக்கும். அம்புக்குறியே இல்லாமல் ஒருபக்கம் ஏறும் கோடு விழுந்தால், அது வலப்பக்கம் போகும் நாடுகளுக்குச் செய்தது. இங்கே எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். ஏசி ஹெட்லைட் வண்டிகளில் எல்இடி பெரும்பாலும் சிமிட்டும், சீக்கிரம் போய்விடும்.

பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தால் 800, 1500, 2000 என்ற வரிசையில் தண்ணீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரித்தாள்) போட்டு, பாலிஷ் ஏற்றி, மேலே வெயில் தாங்கும் லேக்கர் அடிக்க வேண்டும். லேக்கரை விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். உள்ளே ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள், அந்த அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும்.

கடைசியாக வெளிச்சக்கோட்டின் மட்டம். செலவில்லாத இந்த வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை ஸ்டாண்ட் போடாமல் நேராக நிறுத்தி, ஓட்டுபவர் ஏறி உட்கார வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரோ அதைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதற்கு மேலே போனால் எதிரே வருபவருக்குத் துன்பம், ரொம்பக் கீழே போனால் உங்களுக்குத் தூரம் தெரியாது.

பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சமும் மேலே ஏறும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் மல்லிகை மூட்டை ஏற்றி வருபவர்களும், பால் கேன் கட்டி ஓட்டுபவர்களும் வெறும் வண்டியில் மட்டம் பார்த்தால் அது அவர்களுக்கு உதவாது. எங்களிடம் மட்டம் பார்க்க வருவதாக இருந்தால் மாலை 6 மணிக்கு மேல் வாருங்கள், பகலில் சுவரில் கோடு தெரியாது. வழக்கமாக ஏற்றும் மூட்டையையோ, அதே எடைக்கு மண் நிரப்பிய சாக்கையோ கட்டிக்கொண்டே வாருங்கள். பின் ஷாக்கில் ஸ்பிரிங் அழுத்தம் கூட்டும் படிகள் இருந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டு, அப்புறம் ஹெட்லைட் போல்ட்டைத் தொடுவோம்.

அன்புடன்,
பட்டறையிலும் ஒயரிங் மேசையிலும் உள்ள அனைவரும்,
மதுரை