தினமும் எரியும் பீங்கான் அடுப்பு: வேலுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வேலு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன். மற்ற சேதியெல்லாம் அப்புறம். உன் பீங்கான் அடுப்பின் வெளிக்கூட்டுக்குள் கரியைத் தாங்கி நிற்கிற கரிக்கிண்ணத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருக்கிறது, தினமும் பற்றவைத்ததால்தான் இப்படி ஆயிற்று, இனி வாரம் ஒரு நாள் போதும் என்று எழுதியிருந்தாய். அந்த முடிவை மாற்றிக்கொள். உன் அடுப்புக்குக் கேடு ஒன்றும் வந்துவிடவில்லை.

அந்த விரிசல் ஏன் வருகிறது என்று பார். நன்றாகக் கனன்ற தணலின் சூடு 700 டிகிரியைத் தாண்டும். கிண்ணத்தின் உள்பக்கம் அந்தத் தணலை ஒட்டியே இருக்கிறது. வெளிப்பக்கம் அவ்வளவு சூடாவதில்லை. உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாமல் பிடிக்கும். பீங்கானை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால் இழுபடுகிற வெளிப்பக்கம்தான் பிளக்கிறது. காற்று போவதற்காக விட்ட ஓட்டையின் மூலையில் இழுவை குவியும் என்பதால் விரிசல் பெரும்பாலும் அங்கேயோ மேல் விளிம்பிலோ தொடங்கி நெட்டுக்கோடாக ஓடும். நீ எழுதியதைப் படித்தால் உன் விரிசலும் இந்த வகைதான் என்று தோன்றுகிறது.

பிளந்த கிண்ணம் எங்கே போய்விடும்? வெளிக்கூடு அதைச் சுற்றி நிற்கிறது. கிண்ணத்தின் வேலை கரியைத் தாங்குவதும் கீழிருந்து காற்றை விடுவதும்தான். காற்றை அடைத்து வைக்கிற வேலை வெளிக்கூட்டுக்கும் மூடிக்கும் உரியது. கிண்ணம் இரண்டு துண்டாகவே ஆனாலும் துண்டுகள் இடத்தில் நிற்கும்வரை சமையலில் வித்தியாசம் தெரியாது. சில நிறுவனங்கள் இப்போது இந்தக் கிண்ணத்தை முதலிலேயே பல துண்டுகளாகச் செய்து அடுக்கிக் கொடுக்கின்றன. எப்படியும் பிளக்கப் போகிற இடத்தை முன்கூட்டியே பிரித்துவிட்டால் இழுவைக்கு வேலை இல்லை. நல்ல யோசனை.

சூளைப் பக்கமே இத்தனை காலம் நின்றவன் என்பதால் எனக்கு இதில் ஒரு பிடிப்பு உண்டு. உனக்குத் தெரியும். எங்கள் சூளையில் பாண்டங்களை அடுக்குகிற தட்டுகள் கார்டியரைட் கலந்தவை. மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா மூன்றும் சேர்ந்த பொருள் அது. சூட்டில் விரிவது மிகவும் குறைவு. அதனால்தான் காரின் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போல இருக்கும் பாகத்தையும் அதில் செய்கிறார்கள். வண்டி கிளம்பியதும் அது சடாரென்று சூடாகும், நிறுத்தினால் ஆறும், மறுபடி சூடாகும், வருஷக்கணக்கில் இதே கதை. தரமான பீங்கான் அடுப்புகளும் இந்தக் குணமுள்ள கலவைகளில்தான் செய்யப்படுகின்றன.

பழைய அடுப்புகள் அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் கமாடோ என்கிற மூடி போட்ட கரி அடுப்புகளை ஊருக்குக் கொண்டுபோனார்கள். உன் அடுப்பும் அந்த வகைதான். அவை வெறும் சுட்ட மண். கொஞ்ச காலத்தில் வெடித்தன. 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் பிக் கிரீன் எக் நிறுவனத்தைத் தொடங்கியபோது விற்றதும் மண் அடுப்புதான். கலவையை மாற்றிய பிறகுதான் இன்று நாம் பார்க்கிற உறுதி வந்தது. ‘மண் அடுப்பு தினசரிப் புழக்கத்துக்குத் தாங்காது’ என்று உன்னிடம் யாரோ சொன்னார்களே, அது அந்தப் பழைய அடுப்புக்குப் பொருந்தும். உன் அடுப்புக்குப் பொருந்தாது.

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும் என்றால், வெளிக்கூட்டிலோ மூடியிலோ சுவரை ஊடுருவிப் போகிற விரிசலுக்கு. அதன் வழியாகப் புகை வரும், காற்று உள்ளே போகும், சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. வெளியே பளபளப்புப் பூச்சில் மட்டும் வலைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூச்சோடு நின்றுவிடும் சமாச்சாரம். எது என்ன என்று சந்தேகம் வந்தால், அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார். முழுசாக இருக்கும் பீங்கான் ணங்கென்று கேட்கும், சத்தம் ஒரு கணம் நிற்கும். ஊடுருவிய விரிசல் இருந்தால் டொக்கென்று செத்துவிடும். சூளையில் தட்டுகளை அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் இப்படித் தட்டித்தான் எடுப்போம். காதுக்குப் பழகிவிட்டால் கண்ணைவிட இது வேகம்.

இப்போது நீ கேட்ட தினசரி விஷயம். வாரம் ஒரு நாள் மூட்டி மற்ற நாளெல்லாம் வெளியில் மூடி வைத்திருக்கிற அடுப்பைவிட, தினமும் எரிகிற அடுப்பு நீடிக்கும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தண்ணீர். உள்பக்கம் பூச்சு இல்லாத பீங்கான், ஈரத்தைக் குடிக்கும். மழை மேல் துவாரத்தில் இறங்கும், கீழ்க் கதவில் சாரல் அடிக்கும், காற்றின் ஈரமே போதும். பல நாள் கிடந்து ஈரம் ஏறிய அடுப்பில் ஒரு நாள் விருந்தாளிகளுக்காகக் கரியைக் குவித்து, துவாரங்களை முழுசாகத் திறந்துவிட்டால், துளைகளுக்குள் இருக்கும் நீர் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது மெதுவாக வெளியேற வழி இருந்தால் சரி. அவசரப்படுத்தினால் பீங்கானைப் பிளந்துகொண்டுதான் வரும். உறைபனி விழும் இடமாக இருந்தால் இன்னும் மோசம், நீர் பனிக்கட்டி ஆகும்போது ஒன்பது சதவீதம் பருக்கும். தினமும் எரிகிற அடுப்பில் இந்த ஈரம் தங்கவே நேரமில்லை. உள்ளே பூஞ்சணமும் பிடிக்காது.

ஆகவே, நிறுத்தாதே. ஆனால் அவசரப்படாதே. கரி பற்றிய பிறகு கீழ்க் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சூட்டை ஏற்று. தணல் நேராகச் சாப்பாட்டில் படாமல் நடுவே வைக்கிற வெப்பத் தடுப்புத் தட்டை வைப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே வைத்துவிடு. தணல் கொழுந்துவிட்டு எரியும்போது ஆறிப்போன தட்டை அதன் மேல் வைப்பதுதான் அந்தத் தட்டுகளைப் பெரும்பாலும் கொல்கிறது. அணைக்கத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மேலும் கீழும் துவாரங்களை மூடினால் தானாக அணையும், மிஞ்சின கரி மறுநாளுக்கும் ஆகும். பற்றவைக்கத் திரவ எண்ணெய் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு, பீங்கான் அதையும் குடித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டில் வாடையாகத் திருப்பித் தரும். சோப்புக்கும் அதே கதிதான்.

தினசரிப் புழக்கத்தில் உண்மையாகத் தேய்வது இரும்பும், விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணியும்தான். மூடியையும் உடம்பையும் கட்டிப்பிடிக்கிற எஃகுப் பட்டைகளை எடுத்துக்கொள். ஒரு மீட்டர் எஃகு நூறு டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். கார்டியரைட் அதே சூட்டில் 0.2 அளவுக்குத்தான். தினமும் பட்டை நெகிழ்வதும் இறுகுவதுமாக இருந்தால் நட்டு தளரத்தானே செய்யும்? பட்டை தளர்ந்து மூடி கழன்று கீழே விழுவதுதான் இந்த அடுப்புகளுக்கு நேரக்கூடிய பெரிய விபத்து. தீயால் போன மூடியைவிட விழுந்து போன மூடிதான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். மாதம் ஒரு முறை, அடுப்பு ஆறியிருக்கும்போது, ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் பார்த்துவிடு. கீலின் ஸ்பிரிங்கையும் பார். அது தொய்ந்தால் மூடி கையைவிட்டு டமாலென்று விழும், அடி விளிம்பில் படும், விளிம்பு தெறிக்கும்.

மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் ஃபெல்ட் கேஸ்கெட் எப்படியும் மாற்ற வேண்டிய பொருள். அதில் பெரும்பாலும் இருக்கும் நோமெக்ஸ் என்கிற சூடு தாங்கும் செயற்கை இழையும் 350 டிகிரிக்கு மேல் கருகும். அதிகச் சூட்டில் அடிக்கடி சமைத்தால் சீக்கிரம் போகும், அதற்காக வருத்தப்படாதே. ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடியை மூடி இழுத்துப் பார். நாலு பக்கமும் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே காற்று போகிறது. முதலில் மூடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பட்டையைச் சரிபார், அப்புறம் கேஸ்கெட்டை மாற்று. பழைய பசையை முழுசாகச் சுரண்டி எடுக்காமல் புதிதை ஒட்டினால் நிற்காது.

சாம்பலை விட்டுவைக்காதே. காற்றை அடைப்பதோடு ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஊறிய சாம்பல் கம்பித் தட்டையும் கீழ்க் கதவையும் அரிக்கும். நீ அள்ளுகிற கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தை இடிக்காமல் பார்த்துக்கொள். நகர்த்தும்போது தள்ளாதே, இழு. பெரிய அடுப்பு 70 கிலோவைத் தாண்டும், பாரம் மேலே இருக்கும், முன் சக்கரம் ஒரு கல்லில் தட்டினால் போதும், குப்புறக் கவிழ்ந்துவிடும்.

சரி, வீட்டுச் சேதி. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கிறேன். மகளுக்கு வேலை மாற்றம், பேத்தியின் படிப்பு முடியும்வரை இங்கேயே இருப்பார்கள். வீடு நிறைந்து கிடப்பதில் எனக்குச் சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகு நீ தினமும் வாசல் பக்கம் அடுப்பு மூட்டிச் சமைக்கிறாய், தங்கச்சி கூடவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று படித்ததும், அந்த விரிசலால் அது நின்றுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இத்தனை வருஷம் வேலை வேலை என்று ஓடினவன் நீ. இந்த மாலை நேரம் உனக்கு வேண்டும்.

உன் மருமகன் யாரிடமோ பழைய அடுப்பு ஒன்று வாங்கப் பார்ப்பதாக எழுதியிருந்தாய். கரிக்கிண்ணம் பிளந்திருந்தாலும் பரவாயில்லை என்று சொல், அது தனியாகக் கிடைக்கும். வெளிக்கூடும் மூடியும் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும், பட்டைகளில் துரு உள்வரை இறங்கியிருக்கக் கூடாது, விளிம்பு தெறித்திருக்கக் கூடாது. பீங்கானுக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதையும் அவன் தெரிந்துகொண்டு வாங்கட்டும். உன்னுடையது நீயே புதிதாக வாங்கியது என்பதால், ரசீது இருந்தால் தேடி வை. கிண்ணத்துக்கு மாற்றுக் கேட்க வழி இருக்கலாம்.

மறுபடி எழுதும்போது மூன்று விஷயம் சொல். விரிசல் கிண்ணத்தில் மட்டும்தானா, வெளிக்கூட்டைத் தட்டினால் எப்படிக் கேட்கிறது, காகிதம் எந்தப் பக்கம் வழுக்குகிறது. பதில் வரும்வரை வழக்கம்போல் மூட்டிக்கொண்டே இரு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரன்