கால்விரல் வலுவை அளக்க ஒரே முறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கும் வழக்கம் சென்னையில் நன்கு பரவியிருக்கிறது. 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் உணர்ச்சியைச் சோதிக்கிறார்கள். நாடித் துடிப்பையும் தோலையும் பார்க்கிறார்கள். பாதத் தசைகளின் வலுவை மட்டும் பெரும்பாலும் ‘பரவாயில்லை’, ‘குறைவு’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிடுகிறோம். இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு இது நெடுநாளாகவே உறுத்தலாக இருந்துவருகிறது.

இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. இந்நோயால் வரும் நரம்புப் பாதிப்பு நீளமான நரம்புகளின் நுனியில் தொடங்குவதால், பாதத்துக்குள்ளேயே அமைந்த சிறு தசைகள் முதலில் மெலிகின்றன. விரல்கள் மடங்கிப் போய், விரல்களின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடி, அங்கே புண் உண்டாக வழி ஏற்படுகிறது. முதியவர்கள் நிலைதடுமாறி விழுவதற்கும் கால்விரல் வலுக் குறைவுக்கும் தொடர்பு உண்டு.

அளப்பதில் உள்ள சிக்கல், விரலை மடக்குவது இந்தச் சிறு தசைகள் மட்டுமல்ல என்பதுதான். கெண்டைக்கால் பகுதியில் தொடங்கித் தசைநாண்களாக விரல் நுனி வரை வரும் நீண்ட தசைகளும் சேர்ந்தே இழுக்கின்றன. அதனால் சிறு தசைகள் வற்றிவிட்ட ஒருவரும் விரல் நுனியைச் சுருட்டி அழுத்தி நல்ல எண்ணைக் காட்டிவிடலாம். அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறாமல் வந்தாலும், நாம் அறிய விரும்பியதை அது சொல்லவில்லை. பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்தால் நீண்ட தசைகள் தளர்ந்து அவற்றின் பங்கு குறையும். ஆகவே கணுக்கால் எந்தக் கோணத்தில் இருந்தது, விரல் நேராக இருந்ததா சுருண்டதா என்பதைக் குறிக்காத அளவீட்டை அடுத்த அளவீட்டோடு ஒப்பிட இயலாது.

கையால் தடுத்துப் பார்த்து 0 முதல் 5 வரை தரமிடும் முறையில், 4 என்ற தரத்துக்குள் மிகப் பரந்த வேறுபாடு அடங்கிவிடுகிறது. கையில் பிடிக்கும் டைனமோமீட்டர் என்னும் விசை அளக்கும் கருவி எண்ணைத் தரும். ஆனால் பிடிப்பவரின் கைவலு நோயாளியின் விரல்வலுவைவிடக் குறைந்தால் எண்ணும் குறைந்துவிடும் என்பதால், கருவியைப் பட்டையால் இறுக்கி நிறுத்துவதே நல்லது. பெருவிரலுக்கு அடியில் அட்டையை வைத்து அழுத்தச் சொல்லி அதை இழுத்துப் பார்க்கும் எளிய சோதனை, தொழுநோயாளிகளின் பாதத் தசை முடக்கத்தைக் கண்டறியப் பயன்பட்டது. செலவில்லாத இச்சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அட்டையின் வழுவழுப்பும் இழுக்கும் வேகமும் முடிவை மாற்றும். சென்னையின் மே மாத வியர்வையில் ஈரமான பாதமும், நரம்புப் பாதிப்பால் வியர்வை நின்று வறண்ட பாதமும் ஒரே வலுவுக்கு ஒரே முடிவைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிழையின் அளவு தெரியாமல் முன்னேற்றத்தைப் பேசுவதும் தவறு. ஓர் அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது வலு மாறாதபோதும் மீண்டும் மீண்டும் அளக்கையில் எண் வழக்கமாக விலகும் அளவு, 10 நியூட்டன் (விசையின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவீடுகளிலும் இந்தப் பிழை இருப்பதால், அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 28 நியூட்டன் வேறுபாடு இருந்தால்தான் அதை உண்மையான மாற்றம் என்று 95 விழுக்காடு உறுதியுடன் கூறலாம். மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் 15 நியூட்டன் கூடியதைக் காட்டி நோயாளியிடம் ‘தேறிவிட்டீர்கள்’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே செல்கிறார்கள். அவர்கள் கையில் தமிழில் ஒரு பக்கப் படிவம் இருந்தால் போதும்: அமரும் நிலை, முழங்கால், கணுக்கால் கோணங்கள், கருவியை வைத்த இடம், துடைத்து உலர்ந்த பாதம், ஒரு முறை பழகிய பின் போதிய ஓய்வுடன் மூன்று முயற்சிகள், ஒவ்வொன்றின் எண். அதற்கு முன், நகரின் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் ஒரே நோயாளிகளை இரு பரிசோதகர்களைக் கொண்டு தனித்தனியே அளக்கச் செய்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் அளந்து, கிடைக்கும் பிழையளவை வெளியிட வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இதற்கு ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
பெரம்பூர், சென்னை.